அவுட்பாக்ஸில் ஒன்று

நவம்பர் 4, திங்கள்

விடியலில் இருந்து தூறல். கரண்ட் மூன்று முறை போய் வந்தது. பரணில் இருந்து பழைய கம்ப்யூட்டரை இறக்கியாயிற்று. இடுப்பு பிடித்துக்கொண்டது. பெட்டிக்குள் பல்லி முட்டை ஏழு, செத்த எலிக்குஞ்சு ஒன்று.

எல்லாம் அழகம்மாளுக்காக. வெள்ளிக்கிழமை கடைக்கு வந்து நின்றது. ஆவணியில் புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். பதினோரு வருஷம் வளைகுடாவில் இருந்த மனுஷன். அப்போது திருமயம் பஸ் ஸ்டாண்டில் என் கடை ஒன்றில்தான் இன்டர்நெட். அழகம்மாள் சொல்லச் சொல்ல நான் டைப் அடிப்பேன். அவர் எழுதியது வந்தால் நானே படித்துக் காட்டுவேன். அழகம்மாளுக்கு எழுத்துத் தெரியாது.

“செல்போன் வந்தப்பறம் பேசுனதெல்லாம் காத்தோட போச்சுண்ணே. எழுதுனது அது ஒண்ணுதான். ஒங்க பெட்டிக்குள்ளதான இருக்கு. எடுத்துக் குடுங்க. பேத்தி படிச்சுச் சொல்லுவா.”

அந்த மெயில் புரோகிராமே இப்போது உலகத்தில் இல்லை, எல்லாவற்றையும் வேறு புரோகிராமுக்கு மாற்ற வேண்டும், லேசான வேலை இல்லை என்றேன்.

“ஒரு வீட்டுச் சாமான மறு வீட்டுக்கு ஏத்துறதுதான. ஏத்துங்க.”

நாளைக்கு:
– மெஷினுக்கு உயிர் இருக்கிறதா பார்க்க.
– பென் டிரைவ். சின்னதே போதும், பெரியதைப் பழைய மெஷின் ஏற்காது.
– வ.வுக்கு சுகர் மாத்திரை. (வள்ளிக்கண்ணு என்று முழுப்பெயரும் எழுதினால் பெண்டாட்டி பெயரே நோட்டை நிறைத்துவிடும். வ. போதும்.)
– அம்மா திதி எந்தத் தேதியில் விழுகிறது, காலண்டரில்.

வ. இப்போதே ஆரம்பித்துவிட்டாள். “எடுத்து முடிச்ச கையோட பழைய இரும்பு யாவாரிகிட்டப் போட்டுருங்க. மறுபடி பரண்ல ஏத்துனீங்க, நான் மனுசியா இருக்க மாட்டேன்.”

நவம்பர் 5, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம். மாத்திரை வாங்க மறந்தேன்.

முதல் தடவை மூச்சில்லை. இரண்டாம் தடவை விசிறி மட்டும். பின்பக்கம் ஒரு தட்டுத் தட்டினேன், திரை வந்தது. டிஸ்க்கில் டக் டக் என்று சத்தம். ரொம்ப நாள் தாங்காது.

மெயில் புரோகிராம் திறந்தது. இடது பக்கம் ஊர் ஊராக, ஆள் ஆளாக நான் போட்டு வைத்த ஃபோல்டர்கள். நம் கை ஒழுங்குக்கு ஒரு சொட்டுக் குறை சொல்ல முடியாது. இன்றைக்கு எவன் இப்படி வைக்கிறான்.

அன்றைக்கு வேலை நடந்த விதம் வேறு. போன் லைன் வழியாகத்தான் இன்டர்நெட். காலை பதினொன்றுக்கு ஒரு தடவை, மாலை ஆறுக்கு ஒரு தடவை கனெக்ட் செய்வேன். அதுவரை எழுதியதெல்லாம் அவுட்பாக்ஸில் வரிசையில் நிற்கும், பக்கத்தில் எண்ணிக்கை காட்டும். லைன் கிடைத்ததும் ஒவ்வொன்றாகப் போகும், எண் குறைந்து கடைசியில் மறையும். சனம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடும். அழகம்மாள் மட்டும் போகாது. “போயிருச்சாண்ணே?” நான் சிடுசிடுப்பேன். “நான் போட்டா போய்ச் சேரும். போங்க.” அது நகராது. எழுத்துத் தெரியாவிட்டாலும் அந்த எண் மறைய வேண்டும் என்பது தெரியும். மறைந்த பிறகுதான் சேலையை உதறிக்கொண்டு கிளம்பும்.

மெயில் கோப்புகளை எல்லாம் பென் டிரைவில் இறக்கினேன். நாலு மணி நேரம். இடையில் ஆதார் ஜெராக்ஸ், பட்டா நகல், பிறப்புச் சான்று திருத்தம். மதியச் சாப்பாடு மூன்றரைக்கு.

நவம்பர் 6, புதன்

புதிய புரோகிராமுக்குப் பழைய கோப்பு என்றால் என்னவென்றே தெரியவில்லை. “கோப்பு எதுவும் இல்லை” என்கிறது. கண் முன்னால் இருக்கிறது, இல்லை என்கிறது. தாலுகா ஆபீஸ் போல.

நடுவில் மாற்றிக் கொடுக்கும் சின்ன புரோகிராம் ஒன்று நெட்டில் கிடைத்தது. இரண்டு தடவை பாதியில் நின்றது. மூன்றாவது தடவை ஓடியது.

வந்தவை எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கின்றன. அந்தக் காலத்துத் தமிழ் ஃபான்ட். ஃபான்ட் இல்லாத மெஷினில் “அம்மா” என்பது mk;kh என்றுதான் தெரியும். எட்டு வருஷம் அதில் குப்பை கொட்டியதால் எனக்கு அப்படியே படிக்க வரும். பழைய மெஷினில் இருந்து ஃபான்டையும் எடுத்துப் போட்டேன். தமிழ் வந்தது.

மெயிலோடு வைத்த இணைப்புகள், படங்கள் மட்டும் வரவில்லை. கிளிப் படம் இருக்கிறது, திறந்தால் வெறும். பரவாயில்லை. அழகம்மாளுக்கு எழுத்துதானே வேண்டும்.

வ. ஊறுகாய்க்கு எலுமிச்சை கேட்டாள். மாத்திரை வாங்கினேன், எலுமிச்சை மறந்தேன்.

நவம்பர் 7, வியாழன்

மழை பலம். கடையில் ஆள் இல்லை. மாற்றும் புரோகிராம் கடைசியில் ஒரு பட்டியல் கொடுத்திருந்தது. எந்த ஃபோல்டரில் எத்தனை. நேற்று பார்க்கவில்லை. இன்று சரிபார்த்தேன்.

எல்லாம் சரி.

கடைசி வரி: அவுட்பாக்ஸ், ஒன்று.

அனுப்பாத மெயில் என்று என் கடையில் எதுவும் இருந்ததில்லை. திறந்தேன். ஃபான்ட் மாறாமல் கிடந்தது. தலைப்பில் mk;kh.

இன்றைக்கு இவ்வளவுதான் எழுத முடியும்.

நவம்பர் 8, வெள்ளி

கடை திறக்கவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.

அதை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்:

“பழனி, அம்மா இன்று மதியம் இரண்டு மணிக்கு இறந்துவிட்டாள். தாய்க்குக் கடைசிப் பிள்ளை நீதான் கொள்ளி வைக்க வேண்டும். டாக்டர் எழுதிக் கொடுத்தது இத்துடன் இருக்கிறது. கம்பெனியில் காட்டி லீவு வாங்கி உடனே புறப்படு. நீ வரும்வரை எடுக்க மாட்டோம். அண்ணன் சுப்பையா.”

பழனி என் ஒரே தம்பி. அப்போது வளைகுடாவில் பாலைவனத்துக்குள் ஏதோ குழாய் வேலை. போன் கிடையாது. அவனே எழுதியிருந்தான்: “கேம்ப் ஆபீசில் மெயில் பார்ப்பேன். எதுவானாலும் மெயில் போடுங்க.”

நடந்தது முழுக்க ஞாபகம் இருக்கிறது. சாயங்காலம் ஆறு மணி. இதே மாதிரி அடைமழை. டாக்டர் சீட்டை ஸ்கேன் செய்தேன். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் கம்பெனிக்காரன் நம்ப மாட்டான் என்று ஸ்கேனரை உச்சத்தில் வைத்தேன். பதினோரு எம்பி. அந்த லைனில் அவ்வளவு பெரிய கோப்பு போகவே போகாது. ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். “படத்தச் சின்னதா வைங்க, இல்லாட்டி போகாது.” அன்றைக்கு என் புத்தி எங்கே போனது.

அனுப்பு என்று அழுத்தினேன். பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. பாதி வந்திருக்கும். ஐஸ் பெட்டி வந்துவிட்டது என்று ஆள் வந்தான். ஷட்டரை இறக்கிவிட்டுப் போனேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்துதான் கடை திறந்தேன். மழையில் போன் லைன் அறுந்து கிடந்தது. பிராட்பேண்ட் வந்தது, புது மெஷின், புது மெயில் அட்ரஸ். பழையதைப் பரணில் ஏற்றினேன். அந்த எண் மறைந்ததா என்று நான் பார்க்கவில்லை. அழகம்மாளுக்காக ஆயிரம் தடவை பார்த்திருப்பேன்.

மூன்று நாள் அம்மாவை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். எடுக்கும்வரை கோயில் திறக்கக் கூடாது, அக்கம்பக்கம் அடுப்பு மூட்டக் கூடாது. மூன்றாம் நாள் பெரியவர்கள் வந்தார்கள். “எளையவன் வரப் போறதில்ல சுப்பையா. ஊரு எத்தன நாளு பட்டினி கெடக்கும். நீயே வையி.” வைத்தேன். வைக்கும்போது அவனைத் திட்டிக்கொண்டேதான் வைத்தேன்.

நவம்பர் 9, சனி

தூங்கவில்லை. வ. மிளகு ரசம் வைத்தாள்.

மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். யாரிடமும் சொல்ல முடியாது, நோட்டிலாவது கிடக்கட்டும்.

இருபதாம் நாள் பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் சொல்லித்தான் பழனிக்குச் சேதி தெரிந்திருக்கிறது. எங்கிருந்தோ போன் பண்ணினான். அழுதுகொண்டே சொன்னான். “எனக்கு மெயிலே வரலண்ணே.” நான் பேசியதை எழுதக் கை வரவில்லை. ஓவர்டைமுக்கு ஆசைப்பட்டுப் பெற்றவளை விட்டவன் என்றேன். அது மட்டும் எழுதுகிறேன், மற்றது வேண்டாம்.

மறு வருஷம் வந்தான். ஊர் கூடியது. அவன் கேட்டது ஒன்றே ஒன்று. “அந்தக் கம்ப்யூட்டரத் தொறந்து காட்டுங்கண்ணே.”

காட்டியிருக்கலாம். பரணில்தான் இருந்தது. ஏணி போட்டு ஏறினால் பத்து நிமிஷ வேலை.

“எம் பேச்சு போதாதா ஒனக்கு? மெசினக் காட்டி நிரூபிக்கணுமா? வாடா கருப்பர் கோயிலுக்கு, சூடம் அணைக்கிறேன்” என்றேன்.

அணைத்தேன். கருப்பர் முன்னால் சூடம் ஏற்றி, “நான் மெயில் அனுப்பினது சத்தியம். பொய்யின்னா எங்க வம்சம் வெளங்காமப் போகட்டும்” என்று உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். தோல் கொப்பளித்தது. அத்தனை பேரும் என்னை நம்பினார்கள். பழனி மட்டும் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அன்றைக்கே பெண்டாட்டி பிள்ளையோடு மாமனார் ஊரான குளத்தூருக்குப் போய்விட்டான்.

எட்டு மாதம் கழித்து அவன் மகன் அருண் இறந்தான். ஆறு வயது. மூளைக் காய்ச்சல். கொசுவால் வருவது, எனக்கும் தெரியும். ஆனால் பழனி பொய் சொன்னதற்குச் சாமி கொடுத்த தண்டனை என்றது ஊர். டீக்கடையில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் சொன்னேன்: “கருப்பர் காட்டிட்டாரு.”

நான்தான் சொன்னேன், வேறு யாரும் இல்லை. அது குளத்தூர்வரை போயிருக்கிறது. சாவுக்கும் நான் போகவில்லை.

எங்க வம்சம் என்று சொல்லி அணைத்தேன். எனக்குப் பிள்ளை கிடையாது. அவன் பிள்ளை ஒன்றுதான் வம்சம் என்று அப்போது யோசிக்கவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது.

நவம்பர் 10, ஞாயிறு

வெயில். வ. மெத்தையைக் காயப் போட்டாள். மீன் வாங்கச் சொன்னாள், கட்டுமாவடி மீன் வண்டி வந்திருந்தது. வாங்கி வந்து கொடுத்துவிட்டு அடுப்படியிலேயே நின்றேன்.

“என்ன, மூணு நாளா ஆளு ஒரு தினுசா இருக்கீங்க.”

சொன்னேன். மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்த கை நின்றது.

“வேற யாருக்கும் தெரியுமா?”

“இல்ல.”

“அழிச்சிருங்க. செத்தவுக செத்துட்டாக. அந்தப் புள்ளயும் போயிருச்சு. இனி இதச் சொல்லி யாரு எந்திரிச்சு வரப் போறா.”

அவள் சொன்னதில் தப்பில்லை. பட்டனைத் தட்டினால் போதும், ஒரு நொடி வேலை. புதியதிலும் அழித்துப் பழையதிலும் அழித்துவிட்டால், நான் எப்போதும் சொன்னது சொன்னபடி. நம் ஊரில் என் வார்த்தைக்கு இருக்கிற மரியாதை வேறு யாருக்கு இருக்கிறது. பஞ்சாயத்துக்குக் கூப்பிடுகிறார்கள், சாட்சிக் கையெழுத்துக்கு வருகிறார்கள்.

மீன் குழம்பு உப்புக் கரித்தது. அவளுக்கும் தெரிந்தது. இருவரும் சாப்பிட்டு முடித்தோம்.

நவம்பர் 11, திங்கள்

கடை திறந்தேன். அழகம்மாள் மெயில் எல்லாம் பிரிண்ட் எடுத்துக் கோத்துக் கொடுத்தேன். நூலால் கட்டிய கட்டு, தலையணை உயரம். மடியில் வைத்துக்கொண்டு தடவிப் பார்த்தது.

“ஒண்ணே ஒண்ணு படிங்கண்ணே. பேத்தி பள்ளிக்கொடம் விட்டு வர நேரமாகும்.”

நடுவில் ஒன்றைப் பிரித்துப் படித்தேன். “வெயில் ஜாஸ்தி. பல்வலி தேவலை. மாட்டை விற்காதே. உன் இருமல் எப்படி இருக்கிறது, மறக்காமல் எழுது.” அவ்வளவுதான். அழகம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தது.

“எல்லாத்துக்கும் இருமலக் கேப்பாக. இப்ப இருமுனா கேக்க ஆளில்ல.” பிறகு சிரித்தது. “நான் போயிருச்சா போயிருச்சான்னு ஒங்க உசுர எடுப்பேன்ல. நீங்க எரிஞ்சு விழுவீங்க. நமக்குக் கையில ஒரு சீட்டு இல்ல, சத்தம் இல்ல, எப்புடிண்ணே நம்புறது. கேட்டுட்டா மனசு ஆறிப்போகும்.”

வறுத்த கடலை ஒரு பை வைத்துவிட்டுப் போனது. கடலையை இன்னும் பிரிக்கவில்லை.

அந்த மெயிலை அழிக்கப் போனேன். “நிச்சயமா?” என்று கேட்டது. இல்லை என்று அழுத்தினேன். இரண்டு தடவை.

ஒரு பிரிண்ட் எடுத்தேன். தேதி, நேரம் எல்லாம் மேலே இருக்கிறது.

நவம்பர் 12, செவ்வாய்

காலையில் கருப்பர் கோயில். பூசாரி விபூதி தட்டு கழுவிக்கொண்டிருந்தார். யாரோ ஒருவர் விஷயம் போலக் கேட்டேன். தெரியாமல் பொய்ச் சத்தியம் பண்ணினவன் என்ன செய்ய வேண்டும்.

“தெரிஞ்சு பண்ணா என்ன, தெரியாமப் பண்ணா என்ன. நெருப்பு ரெண்டுக்கும் ஒண்ணுதான்” என்றார். “சத்தியத்த எடுக்கணும். அணைச்சவனும் வரணும், யாருக்கு எதிரா அணைச்சானோ அந்த ஆளும் வரணும். அதே எடத்துல ரெண்டு பேரும் சேந்து சூடம் ஏத்தணும். அது தன்னால எரிஞ்சு அமரணும். ஒத்த ஆளு வந்தா செல்லாது.”

கிளம்பும்போது முதுகுக்குப் பின்னால் கேட்டார்: “தம்பி குளத்தூர்லதான இருக்காப்புல?”

ஊரில் எல்லோருக்கும் எல்லாம் ஞாபகம் இருக்கிறது. நான்தான் மறந்துபோனதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த இருபது நாளில் பழனி எனக்கு மெயில் போட்டிருப்பான். ஏன் பதில் இல்லை, அம்மா எப்படி இருக்கிறாள் என்று. அந்த அட்ரஸை நான் அதற்குப் பிறகு திறக்கவே இல்லை. இப்போது அந்த சர்வரே கிடையாது. என்ன எழுதினான் என்று இனி யாருக்கும் தெரியப் போவதில்லை.

நவம்பர் 13, புதன்

போகவில்லை. மழை என்று ஒரு சாக்கு. கடையில் ஆள் வரும் என்று ஒரு சாக்கு. ஒருவரும் வரவில்லை.

வ.விடம் சொன்னேன்: “யாவாரி வந்தா அந்தப் பெட்டியக் குடுத்துரு.” அவள் என் முகத்தையே பார்த்தாள்.

அம்மா திதி வருகிற செவ்வாய். காலண்டரில் வட்டம் போட்டேன்.

நவம்பர் 14, வியாழன்

எட்டே கால் பஸ். புதுக்கோட்டையில் இறங்கி வேறு பஸ். ஜன்னல் கண்ணாடி மூடவில்லை, வலது தோள் நனைந்தது. பிரிண்டைச் சட்டைக்குள் வைத்திருந்தேன்.

குளத்தூரில் விசாரித்ததும் காட்டினார்கள். ஓட்டு வீடு. வாசலில் லோடு ஆட்டோ. அதன் பின்பக்கத்தில் பழனிவேல் என்று பெயரும் போன் நம்பரும். கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரை. அம்மாவின் காது அவனுக்கு. இத்தனை வருஷம் அதை மறந்திருக்கிறேன்.

என்னைப் பார்த்தும் கயிற்றை விடவில்லை. முடிச்சுப் போட்டு முடித்துவிட்டுத்தான் திரும்பினான். “யாரு செத்தா?” என்றான்.

யாரும் சாகவில்லை என்றேன். தாளைக் கொடுத்தேன். கண்ணாடி இல்லாமல் தூரமாக வைத்துப் படித்தான். ஒரு தடவை படிக்கும் நேரம் இல்லை, நாலைந்து தடவை படித்திருப்பான். நான் பேச ஆரம்பித்தேன். ஸ்கேன், எம்பி, பச்சைக் கோடு, லைன். என் காதுக்கே கேவலமாக இருந்தது. நிறுத்திவிட்டு, “போகலடா. அது போகவே இல்ல. நீ சொன்னதுதான் நெசம். நாந்தான் பாக்கல” என்றேன்.

“நான் வர்ற வரைக்கும் எடுக்க மாட்டோம்னு எழுதியிருக்கீங்க.”

“ஆமா.”

“இது தெரியாதுண்ணே எனக்கு. எனக்காக நிப்பாட்டி வச்சிருந்தீங்கன்னு தெரியாது.”

மூன்று நாள் என்றேன். தலையை ஆட்டினான்.

அவன் பெண்டாட்டி மல்லிகா நிலைப்படியில் நின்றாள். வாங்க என்று சொல்லவில்லை. தண்ணீர் தரவில்லை. சொல்லவும் தரவும் அவளுக்கு என்ன கடன். தாளை வாங்கிப் படித்தாள். என்னிடம் பேசாமல் அவனைப் பார்த்துத்தான் பேசினாள்.

“அவுககிட்ட ஒண்ணு கேளுங்க. டீக்கடையில ஒரு வார்த்த சொன்னாகளே, அத எந்தத் தாள்ல திருத்துவாகன்னு கேளுங்க.”

அவள் காலில் விழப் போனேன். பழனி தோளைப் பிடித்து நிறுத்தினான். பிடித்த வேகத்தில் வலித்தது.

கோயில் விஷயத்தைச் சொன்னேன். இரண்டு பேரும் வந்து சூடம் ஏற்றினால்தான் சத்தியம் நீங்கும் என்று.

“நான் வர மாட்டேன்.”

“எனக்காக இல்லடா...”

“அந்தச் சாமிகிட்ட நாங்க ஒண்ணும் கேக்கல. அதுவும் எங்ககிட்ட கேக்காம இருக்கட்டும். சத்தியம் நீங்க பண்ணது, நீங்களே வச்சுக்கங்க.”

கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்கவில்லை. பஸ்ஸுக்குத் திரும்பினேன். தெரு முனைவரை வந்துவிட்டேன். பின்னாலேயே வந்திருக்கிறான்.

“அந்தப் பெட்டியில பழைய மெயிலெல்லாம் இருக்கா? நீங்க எனக்கு அனுப்புனது?”

“இருக்கு.”

“பயலப் போட்டோ எடுத்து அனுப்புவீங்கள்ல, நான் அங்க இருக்கப்ப. கஜா புயல்ல கூர போயி ஆல்பம் பூராம் ஊறிப்போச்சு. ஒண்ணுகூட இல்ல எங்ககிட்ட.”

இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் நினைவு வந்தது. இணைப்புகள் மாறவில்லை. படங்கள் பழைய பெட்டியில் மட்டும்தான். பெட்டியை யாவாரியிடம் கொடுக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

வ. நம்பருக்கு ஒன்பது தடவை அடித்தேன். எடுக்கவில்லை. போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டில் இருந்திருக்கிறாள். அந்த இரண்டு மணி நேரம் எப்படிப் போனது என்று எழுத மாட்டேன்.

வாசலில் பெட்டி இல்லை.

“வந்தான். குடுக்கல” என்றாள் வ. “கட்டிலுக்கு அடியில சாக்கப் போட்டு மூடி வச்சிருக்கேன். நீங்க குடுன்னு சொன்ன மொகம் குடுக்கச் சொல்ற மொகமா இல்ல.”

குனிந்து சாக்கை விலக்கிப் பார்த்தேன்.

நவம்பர் 15, வெள்ளி

கரண்ட் இல்லை. பகல் முழுக்க இல்லை. பெட்டியைத் துணியால் துடைத்துத் துடைத்து வைத்தேன்.

நவம்பர் 16, சனி

கரண்ட் பத்தரைக்கு வந்தது. நாலாவது தட்டில் திரை வந்தது. டக் டக் சத்தம் இப்போது நிற்கவே இல்லை.

அனுப்பியவை, பழனி. படம் வைத்து ஐந்து மெயில். அப்போது நான் எழுதியது: “உன் மகன். மூக்கு உன்னுது. முழி எங்க அம்மாது.” இப்படியெல்லாம் எழுதியிருக்கிறேன் நான்.

ஒன்று சேமிக்கப் பதினைந்து நிமிஷம். பென் டிரைவில் எழுதியதும் கழற்றி, புதிய மெஷினில் திறந்து, படம் தெரிகிறதா என்று பார்த்து, மறுபடி வந்து அடுத்தது. இரண்டு வந்தன. மூன்றாவதில் திரை அப்படியே நின்றது. அணைத்துப் போட்டேன். தட்டினேன். கும்பிட்டேன். சத்தமும் நின்றுவிட்டது. இனி வராது.

முதல் படம்: குழந்தை என் கடை மேஜையில் துண்டு விரித்துப் படுத்திருக்கிறான். கை மங்கல், ஆட்டியிருக்கிறான்.

இரண்டாவது: அம்மா மடியில். அம்மா முகம் இல்லை, கழுத்துவரைதான். குழந்தைக்காக எடுத்த படம். அவள் கை இரண்டும் இருக்கின்றன. வலது கையால் பயலின் குதிகாலைப் பிடித்திருக்கிறாள்.

வ. நெடுநேரம் பார்த்தாள். “அத்தை கைதான். மோதிர வெரலு வளஞ்சிருக்கு பாருங்க” என்றாள்.

பு.கோ. போய் ஸ்டுடியோவில் பெரிதாகப் போட்டு வாங்கி வந்தேன். ஒவ்வொன்றிலும் இரண்டு.

நவம்பர் 17, ஞாயிறு

வானம் மூட்டம். ஆட்டோவின் பின்னால் பார்த்த நம்பர் மனதில் இருந்தது. போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

“அண்ணன் பேசுறேன். ரெண்டுதான்டா கெடச்சுது. மூணு போயிருச்சு.”

பின்னால் மல்லிகா என்னவோ கேட்பது கேட்டது. ரெண்டு இருக்காம் என்று அவளிடம் சொன்னான்.

“ஒன் போனுக்கு அனுப்பவா? இல்லாட்டி மெயில்ல...”

“வேண்டாண்ணே. அனுப்பாதீங்க. கையில கொண்டாந்து குடுங்க.”

வைத்துவிட்டான். கோயிலைப் பற்றி அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நவம்பர் 18, திங்கள்

மழை. குளத்தூருக்கு ஆறு பத்து பஸ். படங்கள் கவரில், கவர் இரண்டு பிளாஸ்டிக் பைக்குள், பை என் மடியில். ஊர் தாண்டியதும் பிரித்துப் பார்த்தேன். இருக்கின்றன. பு.கோ. பஸ் ஸ்டாண்டில் மறுபடி பிரித்துப் பார்த்தேன்.